மூலை இல்லாத வீடு

எட்டு வயதுக் குழந்தை ஒன்றின் கையில் காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்து, "ஒரு வீடு போடு, பார்க்கலாம்!" என்று சொல்லுங்கள். குழந்தை முதலில் ஒரு சதுரம் போடும். அதன் தலைமேல் ஒரு முக்கோணம் வைக்கும். நடுவிலே ஒரு கதவு. இரண்டு பக்கமும் இரண்டு ஜன்னல். ஓட்டு வீட்டையே கண்ணால் கண்டிராமல் மாடிக் கட்டடத்தில் பிறந்து வளர்ந்த குழந்தைகூட இப்படியேதான் போடுகிறது. குழந்தைகளைச் சொல்வானேன்? இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கும் பௌதிகமும் போதித்து வரும் அடியேனும், வீடு என்றால் நாலு சுவரும் நாலு மூலையும் உள்ள வஸ்து என்றே வெகு காலம் நம்பியிருந்தேன். மூலை என்று ஒன்று இல்லாவிட்டால், வீட்டுக் கணக்குப் போடாமல் வந்த பையனை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது?

அந்த நம்பிக்கையை அசைத்தது ஒரு பூகம்பம்.

குடியரசு தினத்துக் காலை

2001-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி. தேசமெங்கும் கொடி ஏற்றிக் கொண்டிருந்த நேரம். குஜராத்தில் கட்ச் ஜில்லாவைச் சேர்ந்த அஞ்சார் என்னும் ஊரில், பள்ளிக் குழந்தைகள் கொடி பிடித்துக்கொண்டு ஒரு குறுகிய தெரு வழியாக ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள். காலை 8 மணி 46 நிமிஷத்துக்குப் பூமி குலுங்கிற்று. தெருவின் இரு பக்கத்து வீடுகளும் ஊர்வலத்தின்மேல் சரிந்து விழுந்தன. 185 குழந்தைகளும் 20 ஆசிரியர்களும் அந்த ஒரு தெருவில் மாண்டு போனார்கள். அவர்களுக்காக அஞ்சாரில் எழுப்பிய நினைவுச் சின்னம் 2022-ம் வருஷம் திறக்கப்பட்டது.

அன்றைய பூகம்பத்தின் அளவு 7.7. ஏறக்குறைய 20,000 பேர் உயிர் இழந்தார்கள். இவர்களில் அநேகரைக் கொன்றது பூமி அல்ல, வீடு. கரடுமுரடான கல்லை மண் சாந்து வைத்து அடுக்கிய கனமான சுவர். அதற்கு மேல் கனமான கூரை. இரண்டையும் பிணைப்பதற்கு ஒன்றுமில்லை. வெயிலுக்கும் மழைக்கும் அடைக்கலம் தருவதற்காக மனிதன் கட்டியதே அவனுக்குச் சமாதியாகி விட்டது. கொடி பிடித்துச் சென்ற குழந்தைகளை அழைத்துப் போனவர்கள் என்னைப் போன்ற உபாத்தியாயர்கள். ஆகவே இந்த விஷயத்தை நான் வெறும் பௌதிகப் பாடமாக எண்ணுவதற்கில்லை.

அதே கட்ச் தேசத்தில் ஓர் அதிசயமும் நடந்தது. வடக்கே, ரண் என்னும் உப்புப் பாலைவனத்தை ஒட்டிய பன்னிப் பிரதேசத்தில் மாடு மேய்த்தும், துணியில் சித்திர வேலை செய்தும் பிழைக்கும் ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மண் குடிசைகள் பெரும்பாலும் விழவில்லை. என்ஜினீயர்கள் அந்தக் குடிசைகளைப் போய்ப் பார்த்தார்கள். அவை எல்லாம் வட்டமாக இருந்தன!

கட்ச் நாட்டுப் 'பூங்கா'

அந்த வீட்டுக்குக் கட்ச் பாஷையில் 'பூங்கா' என்று பெயர். நம் ஊரில் சாயங்காலம் காற்று வாங்கப் போகும் பூங்காவுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. வட்டமான ஒரே ஓர் அறைதான் ஒரு பூங்கா. குறுக்களவு சுமார் 3 முதல் 6 மீட்டர் வரையில் இருக்கும். சுவர் ஒன்றரை அடிப் பருமன். மண்ணும் சாணியும் குழைத்துப் பூசிய சுவரில் சிறு சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்து, வீட்டுப் பெண்கள் செய்திருக்கும் சித்திர வேலைப்பாடு கண்ணைப் பறிக்கும். சுவரின் மேல் குறுக்காக ஓர் உத்தரம். உத்தரத்தின் நடுவே ஒரு சிறு கம்பம். அந்தக் கம்பத்தின் தலையில் கூம்பு வடிவமான புல் கூரை. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை போதாவிட்டால், அறையைப் பெரிதாக்குவதில்லை. அதே மேடையில் இன்னொரு பூங்காவைக் கட்டிக் கொள்கிறார்கள்.

1819-ம் வருஷத்திலும் கட்ச் தேசத்தில் ஒரு மகா பூகம்பம் ஏற்பட்டது. ரண்ணின் நடுவில் பல மைல் நீளத்துக்குப் பூமி கரை கட்டினாற்போல் மேலே எழும்பிற்று. ஜனங்கள் அதற்கு 'அல்லா பந்த்', அதாவது 'கடவுள் கட்டிய அணை' என்று பெயர் வைத்தார்கள். வட்ட வீடு கட்டும் வழக்கம் அந்த விபத்துக்குப் பிறகு வேரூன்றியது என்று அப்பக்கத்தில் சொல்வதுண்டு. அது எப்படியானாலும், பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள் பரம்பரையாகச் செய்து வந்த காரியம், பட்டம் பெற்றவர்கள் கட்டிய வீடுகள் தோற்ற பரீட்சையில் தேறிவிட்டது.

சங்கிலியும் முட்டையும்

வட்டத்துக்கு ஏன் இந்த வல்லமை? இதற்கு நாம் பூகம்பத்தின் சுபாவத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும். பூமி பக்கவாட்டில் ஆடும்போது வீட்டின் அடிப்பாகம் பூமியோடு போகிறது. மேற்பாகமோ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பஸ் திடீரென்று புறப்பட்டால் நாம் பின்னுக்குச் சாய்கிறோமே, அதே விஷயந்தான். வீடு எவ்வளவு கனமோ அவ்வளவு அதிகமாக இழுபடும். சதுர வீட்டில் ஒரு சுவர் ஒரு திசையில் ஆட, அடுத்த சுவர் வேறொரு விதமாய் ஆட, இரண்டும் சந்திக்கும் மூலையில்தான் முதல் வெடிப்புக் காண்கிறது. மூலை பிளந்தால் சுவர் தனித்து நிற்கும். தனித்த சுவர் விழும். சுவர் போனால் கூரை தலைமேல் வரும். வட்டச் சுவரில் மூலையே இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து உலுக்கினாலும், சுவரின் ஒரு பாகம் மற்றொரு பாகத்துக்குத் தோள் கொடுக்கிறது.

கூரையையும் சேர்த்து வளைத்து, சுவர் எது, கூரை எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி செய்துவிட்டால், அது கவிகை வீடு. இதன் ரகசியத்தை 17-ம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த ராபர்ட் ஹூக் என்னும் விஞ்ஞானி கண்டுபிடித்தார். ஆனால் வெளியே சொல்ல மனம் வரவில்லை. எழுத்துக்களைக் கலைத்துப் போட்டு ஒரு விடுகதையாக அச்சிட்டார். 1703-ல் அவர் காலமான பிறகே, 1705-ல், விடுகதைக்கு விடை வெளியாயிற்று. விடை இதுதான்: ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டால் அது எந்த வளைவில் தொங்குகிறதோ, அதே வளைவைத் தலைகீழாகத் திருப்பிக் கல்லால் கட்டினால் அது நிற்கும். தொங்கும் சங்கிலியில் இழுவிசை மாத்திரமே உண்டு. தலைகீழாக்கிய வளைவில் அழுத்தம் மாத்திரமே உண்டு. மண், கல், செங்கல் மூன்றும் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். இழுத்தால் மட்டும் பிளந்துவிடும். ஆகவே அவற்றுக்கு ஏற்ற வடிவம் இதுவே.

வகுப்பில் இதை விளக்குவதற்கு நான் ஒரு சங்கிலியும், சில பாதி முட்டையோடுகளும் கொண்டு போவது வழக்கம். (முட்டையோடு கொண்டு வருகிற பொறுப்பு மாணாக்கர்களைச் சேர்ந்தது, என் வீட்டில் அது பிரவேசிக்க முடியாது.) நாலு ஓடுகளைக் கவிழ்த்து வைத்து அவற்றின்மேல் புஸ்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்குவேன். "இதோ உடையும், அதோ உடையும்" என்று பையன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். வகுப்பின் பாடப் புஸ்தகங்கள் பல ஏறிய பிறகும் ஓடு அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

கணக்கு வாத்தியாருக்கு இன்னொரு லாபமும் தெரிகிறது. 40 அடி நீளத்துக்குச் சுவர் வைக்க உங்களிடம் பொருள் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். சதுரமாகக் கட்டினால் உள்ளே 100 சதுர அடி கிடைக்கும். வட்டமாகக் கட்டினால் 127 சதுர அடிக்கு மேல் கிடைக்கும். செலவு ஒன்று, இடம் கால் பங்கு அதிகம்!

புயலுக்கும் இதே நியாயம்தான். புயல் காற்று கூரையைத் தள்ளி வீழ்த்துகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது கூரையை மேலே உறிஞ்சித் தூக்குகிறது. தாழ்வாரத்தின் விளிம்புதான் அதற்குக் கைப்பிடி. கவிகை வீட்டில் விளிம்பும் இல்லை, காற்று முட்டிக்கொள்ளத் தட்டைச் சுவரும் இல்லை. 2004-ம் வருஷம் செப்டம்பரில், அமெரிக்காவில் ப்ளோரிடா மாகாணத்தின் பென்சகோலா கடற்கரையை 'ஐவான்' என்ற புயல் தாக்கியபோது, அங்கே இருந்த ஒரு காங்கிரீட் கவிகை வீட்டில் வாசற்படிகள் அலையோடு போயின, வீடு நின்றது. படிகள் அலை மோதினால் தாமே கழன்றுகொள்ளும்படி முன்யோசனையுடன் கட்டப்பட்டவை.

ஜாவாவில் ஒரு கிராமம்

இனி, சங்கத் தமிழுக்குப் பின் வந்த காவிய காலத்திலேயே நம் முன்னோர் 'சாவகம்' என்று அறிந்திருந்த ஜாவாத் தீவுக்குப் போவோம். அங்கே ஜோக்ஜகர்த்தா நகருக்குக் கிழக்கே பிரம்பானன் என்னும் இடத்தில், 9-ம் நூற்றாண்டில் எழுந்த சிவன், விஷ்ணு, பிரம்மா கோயில்கள் இன்றும் வானளாவ நிற்கின்றன. 2006-ம் வருஷம் மே மாதம் 27-ந் தேதி அதிகாலை, சுமார் 6 மணி இருக்கும். பூமி அதிர்ந்தது. அந்தக் கோயில்களிலிருந்து கற்கள் உதிர்ந்தன. சுற்று வட்டாரத்தில் 5,700 பேருக்கு மேல் இறந்தார்கள். கம்பி வைக்காமல் எழுப்பிய செங்கல் வீடுகள் லட்சக் கணக்கில் சேதமாயின.

பிரம்பானன் வட்டாரத்தில் ஒரு சிற்றூர், பெயர் ங்கெலெபென். 'ங'கரத்தில் தொடங்கும் ஒரு சொல் வேண்டுமென்று தவிக்கும் தமிழ்ப் பண்டிதர்கள் குறித்துக் கொள்ளலாம். அந்த ஊரில் வீடு மட்டும் விழவில்லை. வீடு நின்ற மண்ணே சரிந்து போயிற்று. பழைய இடத்தில் மறுபடி குடியேற முடியாது என்று ஆகிவிட்டது. அப்போது அமெரிக்காவைச் சேர்ந்த 'டோம்ஸ் பார் தி வேர்ல்ட்' என்னும் தர்ம ஸ்தாபனம் உதவிக்கு வந்தது. சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 80 கவிகைகள் எழும்பின. அவற்றில் 71 வீடுகள். மற்றவை மசூதி, வைத்தியசாலை, பொது ஸ்நான அறைகள் முதலியன. 2007-ம் வருஷத்தில் ஜனங்கள் குடியேறினார்கள்.

கட்டிய விதம் வேடிக்கையானது. முதலில் வட்டமான அஸ்திவாரம். அதன் மேல் ஒரு பிரம்மாண்டமான பலூனை விரித்து விசிறியால் காற்றடித்து ஊதுகிறார்கள். பலூன் உப்பிக் கவிகை உருவம் பெற்றதும், அதன்மேல் இரும்புக் கம்பிகளைச் சுற்றி வலை போல் பின்னுகிறார்கள். கம்பி வலை மறையும்படி காங்கிரீட்டைப் பூசுகிறார்கள். அது இறுகியதும் காற்றை இறக்கி, பலூனைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள். சாரமும் வேண்டாம், சென்டரிங் பலகையும் வேண்டாம். ஒவ்வொரு வீட்டின் குறுக்களவும் 7 மீட்டர். கீழே கூடமும் படுக்கை அறைகளும்; மேலே ஒரு சிறு மாடி.

மேலே சொன்ன வீடுகளில் குடியேறிய ஜாவாக்காரர்கள் என்ன செய்தார்கள்? கொஞ்ச நாளைக்குள் வீட்டின் பின்னால் சமையலறையும், முன்னால் தாழ்வாரமும் சேர்த்துக் கட்டத் தொடங்கினார்கள். அவை எல்லாம் நாலு மூலை உள்ளவை! வெளியூரார் கூட்டம் கூட்டமாக வந்து கிராமத்தை வேடிக்கை பார்த்தார்கள். டெலிவிஷனில் வரும் ஒரு குழந்தைகள் கதையிலே உள்ள உருண்டை வீட்டை நினைத்து, 'டெலிடபீஸ் கிராமம்' என்று பட்டப் பெயர் சூட்டினார்கள். துயரத்தில் பிறந்த ஊருக்கு உல்லாசப் பிரயாணிகளால் வருமானமும் கிடைத்தது.

மண் மூட்டை மாளிகை

பலூனுக்கும் காங்கிரீட்டுக்கும் எங்கே போவது என்று கேட்கும் ஏழைக்கு ஒரு பாரசீகர் விடை சொன்னார். அவர் பெயர் நாதர் கலீலி. 1936-ல் ஈரானில் பிறந்த அவர், உயரமான கட்டடங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்து நன்றாகச் சம்பாதித்துக் கொண்டிருந்தவர். 1975-ல் அந்தத் தொழிலை உதறிவிட்டு, ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறி ஈரானியப் பாலைவனக் கிராமங்களைச் சுற்றி வந்தார். மண் வீடுகளின் மர்மத்தைக் கிழவர்களிடம் கற்றார். பிற்பாடு அமெரிக்காவில், கலிபோர்னியாவில் குடியேறி ஒரு முறையை வகுத்தார். நீண்ட சாக்குக் குழாயில் காலுக்கடியில் உள்ள மண்ணையே ஈரமாக்கி நிரப்புவது. அதைப் பாம்பு சுருண்டாற்போல் வட்டமாகச் சுற்றிச் சுற்றி, வளையத்தின் மேல் வளையமாக உள்நோக்கிக் குறுக்கிக்கொண்டே போவது. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே முள்கம்பி இழுப்பது. கடைசியில் பூச்சுப் பூசுவது. முள்கம்பியின் முட்கள் மேல் மூட்டையையும் கீழ் மூட்டையையும் கவ்விக்கொண்டு நழுவவொட்டாமல் செய்யும். யுத்தத்துக்குரிய சாமான்களான மண் மூட்டையும் முள்கம்பியும் இங்கே குடும்பம் நடத்துவதற்கு உதவுகின்றன! 1995-ல் ஈரானில் அகதிகளுக்காக இத்தகைய குடில்கள் கட்டப்பட்டன. 2004-ல் இந்த முறைக்கு ஆகா கான் பரிசு கிடைத்தது. 2015-ம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதி நேபாளத்தை உலுக்கிய பூகம்பத்தில், மண் மூட்டைகளால் கட்டிய கட்டடங்கள் பல பெருஞ் சேதமின்றி நின்றன.

ஆனால், கலீலி பிறந்த அதே ஈரானிலிருந்தே ஓர் எச்சரிக்கையும் வந்திருக்கிறது. 2003-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி விடியற்காலையில் பாம் என்னும் புராதன நகரம் பூகம்பத்தில் தூளாகி, 26,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அங்கே விழுந்த பச்சைச் செங்கல் வீடுகளில் வளைவுக் கூரையும் கவிகைக் கூரையும் உள்ளவை எத்தனையோ! கவிகை அவர்களைக் காப்பாற்றவில்லை. ஏன்? கவிகையின் அடிப்பாகம் எப்போதும் வெளியே விரியப் பார்க்கும். அரைக்கோளமான கவிகையில் உச்சியிலிருந்து சுமார் 52 பாகைக்குக் கீழே வந்தால், அழுத்தம் மறைந்து இழுவிசை தலை காட்டுகிறது. அந்த இடத்தில் பீப்பாய்க்கு இரும்பு வளையம் போடுவது போல் ஒரு கட்டுப் போட வேண்டும். கட்டில்லாத கவிகையைக் கனமான மண்ணால் கட்டி, தனித்து நிற்கும் சதுரச் சுவர்களின் தலையில் ஏற்றி வைத்தால், அது தட்டைக் கூரையைக் காட்டிலும் பத்திரமானதல்ல. வடிவம் பாதி, பிணைப்பு பாதி.

கிருகலக்ஷ்மியின் குறுக்கு விசாரணை

இவ்வளவையும் ஒரு நாள் இரவு என் மனைவியிடம் உற்சாகமாக எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் தொடங்கினாள்:

"எல்லாம் சரி. பீரோவை எங்கே வைப்பீர்கள்?"

யோசித்துப் பார்த்தேன். வளைந்த சுவரில் பீரோவைச் சாத்தினால் பின்னால் ஒரு பிறைச் சந்திரன் அளவுக்கு இடம் வீணாகும்.

"ஈசானிய மூலை எது? அக்கினி மூலை எது? அடுப்பை எங்கே வைக்கிறது?"

மூலையே இல்லாத வீட்டில் மூலைக்கு அதிபதிகளான தேவதைகள் எங்கே குடியிருப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

"இரண்டாவது பிள்ளைக்குக் கல்யாணமானால் மேலே ஒரு மாடி எழுப்ப முடியுமா? மழை பெய்தால் ஒழுகாதா? சித்திரை வெயிலில் உள்ளே எப்படி இருக்கும்?"

நேயர்களே, என்ஜினீயர்கள் புஸ்தகம் புஸ்தகமாக எழுதியிருக்கும் ஆட்சேபணைகள் அனைத்தையும் அவள் ஐந்து நிமிஷத்தில் கேட்டுவிட்டாள். மெல்லிய காங்கிரீட் கவிகை வெயிலில் காய்ந்தால் உள்ளே புழுங்கும். உச்சியில் காற்றுப் போக வழியும், வெளியே வெள்ளைப் பூச்சும் வேண்டும். மயிரிழை வெடிப்பு விட்டாலும் மழை நீர் உள்ளே வரும். ஏனெனில் கவிகைக்குக் கூரை வேறு, சுவர் வேறு இல்லை. எதிரொலியோ சொல்ல வேண்டியதில்லை. 17-ம் நூற்றாண்டில் கட்டிய பீஜப்பூர் கோல் கும்பஸில், ஒரு பக்கத்தில் ரகசியமாய்ப் பேசினால் மறுபக்கத்தில் கேட்கிறது. மாமியாரும் மருமகளும் சேர்ந்து வாழும் குடும்பத்துக்கு இது உசிதமா என்று வாசகர்களே தீர்மானிக்கட்டும். ஜாவாக்காரர்கள் சமையலறையை வெளியே கொண்டு போனதற்குக் காரணம் இப்போது புரிகிறதல்லவா? உயிருக்குப் பாதுகாப்பளிக்கும் வீடு, அன்றாட வாழ்க்கைக்கும் இசைந்ததாக இருக்க வேண்டும். அங்கே குடியிருக்கப் போகிறவர்களைக் கலந்து கொள்ளாமல் கட்டினால் எவ்வளவு உறுதியான வீடும் பாதி வீடுதான்.

நம் பக்கத்தில்

இந்த வித்தையைக் காணக் கடல் கடந்து போக வேண்டுமென்பதில்லை. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் மண் கட்டடக் கலையைக் கற்பிக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. மண்ணோடு சிறிதளவு சிமெண்டு கலந்து இயந்திரத்தில் அழுத்திச் செய்த, சூளையில் சுடாத கல்லைக் கொண்டு, வளைவுகளும் கவிகைகளும் கட்ட அங்கே பழக்குகிறார்கள். கோயம்புத்தூருக்கு மேற்கே வெள்ளியங்கிரி அடிவாரத்தில் உள்ள தியானலிங்கக் கோயிலின் கவிகை சுமார் 22 மீட்டர் அகலமுள்ளது; இரும்பும் சிமெண்டும் இல்லாமல் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனது. அதைக் கட்டியதிலும் அந்த நிலையத்தாரின் கைவண்ணம் உண்டு. இரும்புக் கம்பி கோக்கத் துவாரம் விட்டு அவர்கள் செய்யும் கல்லை, 2001-ம் வருஷத்துப் பூகம்பத்துக்குப் பின் குஜராத் சர்க்கார் புனர்நிர்மாணத்துக்கு அங்கீகரித்தார்கள்.

உடனே எல்லாரும் இருக்கிற வீட்டை இடித்துவிட்டு உருண்டை வீடு கட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. என் வீடும் நாலு மூலை வீடுதான். பீரோவும் சௌக்கியமாகச் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. ஆனால் அந்த வட்ட வீடுகள் கற்பிக்கும் பாடம் சதுர வீட்டுக்கும் பொருந்தும். சுவரும் சுவரும் கைகோத்திருக்க வேண்டும். அஸ்திவாரத்தின் மேலும், கதவு நிலைக்கு மேலும், கூரைக்குக் கீழும் கம்பி வைத்த காங்கிரீட் பட்டை வீட்டைச் சுற்றி அறுபடாமல் ஓட வேண்டும். கூரை சுவரின்மேல் சும்மா உட்கார்ந்திராமல் அதோடு பிணைந்திருக்க வேண்டும். புது வீடு கட்டுகிறவர்கள், தரைக்குப் பளிங்கா, மொசெய்க்கா என்று விசாரிப்பதற்கு முன்னால், "பட்டை முழுச் சுற்றும் போகிறதா?" என்று கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். அதற்கு ஆகும் செலவு கிருகப்பிரவேச விருந்துச் செலவைப் பார்க்கிலும் பெரிதாயிராது. முக்கியமாக, நம் குழந்தைகள் தினம் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூடத்தைப் பற்றி இந்தக் கேள்வியைப் பெற்றோர்கள் கேட்கவேண்டும். கேட்டால் ஒருவரும் கோபித்துக் கொள்ளமாட்டார்கள். கோபித்துக் கொண்டால், மறுபடியும் கேட்க வேண்டும்.

காலையில் வகுப்புக்குப் போனதும் நான் ஆஜர்ப் புஸ்தகத்தை எடுத்துப் பெயர் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு குழந்தையும் எழுந்து, "உள்ளேன், ஐயா" என்று சொல்லி உட்காருகிறது. கடைசிப் பெயரைக் கூப்பிட்டு முடித்த பிறகு, தலையை நிமிர்த்தி ஒரு முறை கூரையையும், சுவர்கள் சந்திக்கும் நாலு மூலையையும் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.